தாய்லாந்து மொழியிலேருந்து இங்கிலீஷுக்கு: புதுசா மொழிபெயர்ப்பு வேலை எடுக்கறவங்க டிக்ஷனரி தேடுறது எப்படி

கடலூர்ல உக்காந்துக்கிட்டு தாய்லாந்து மொழியான்னு சிரிக்கறவங்க, பரங்கிப்பேட்டை கிள்ளை பக்கம் எறா பண்ணை வச்சிருக்கறவங்க யாராவது தெரிஞ்சா அவங்க குடோன்ல ஒருவாட்டி எட்டிப் பாருங்க. ஃபீடு, குட்டைக்குப் போடுற மருந்து, ப்ரோபயாட்டிக்னு அடுக்கி வச்சிருக்கறதுல ஏதாவது ஒரு மூட்டையில தமிழும் இல்லாம தெலுங்கும் இல்லாம வளைஞ்சு நெளிஞ்ச எழுத்து இருந்தா அது தாய்லாந்து எழுத்தா இருக்கலாம். பாண்டியில பிரெஞ்சு பேப்பர மொழிபெயர்க்கணும்னா விசாரிச்ச உடனே ஆள் கிடைக்கும், தாய்லாந்து பேப்பர்னா மெட்ராசுக்குப் போங்கன்னு கை காட்டிடுவாங்க. அந்த இடத்துல ஒரு வேலை இருக்குன்னு கண்டுபிடிச்சு ஆன்லைன்ல கொஞ்ச நாள் மொழி கத்துக்கிட்டு வர்றவங்க கேக்கற முதல் கேள்வி, எந்த டிக்ஷனரி நல்லது, ஒரே ஒரு பேரு சொல்லுங்க.

ஒரே பேரா சொல்ல முடியாதுங்க. ஒவ்வொரு டிக்ஷனரியும் ஒரு ஆளுக்காக எழுதுனது, அந்த ஆள் நீங்களா இல்லையான்னு பாக்கணும், அப்புறம் உங்க கையில இருக்கற பேப்பர்லேருந்தே வார்த்தை எடுத்துப் போட்டு சோதிக்கணும். மீதி எல்லாம் பழக்கம்.

ஒண்ணு மொதல்லயே சொல்லிடுறேன், இங்க தாய்லாந்து வார்த்தைய எல்லாம் தமிழ் எழுத்துலதான் எழுதப் போறேன், படிக்க வசதியா இருக்கும்னு. நீங்க உங்க நோட்டுல அப்படி எழுதாதீங்க. காரணம் கீழ வருது.

எழுத்து தெரியாம டிக்ஷனரி பக்கம் போகாதீங்க

மொத்தம் 44 மெய்யெழுத்து, அதுல 2 இப்ப புழக்கத்துல இல்ல. பயப்பட வேண்டாம், வரிசை நமக்குப் பழகுன வரிசைதான், க-வுல ஆரம்பிச்சு ங, அப்புறம் ச, ஞ, அப்படியே த, ந, ப, ம, ய ர ல வ-ன்னு போகும். மாமல்லபுரம் போனா கல்லுல பாக்கறோமே பல்லவர் எழுத்து, அது கடல் தாண்டிப் போயி கம்போடியாவோட கெமர் எழுத்தாகி அதுலேருந்து வந்ததுதான் தாய்லாந்து எழுத்து, அதனாலதான் ஏ பி சி டி வரிசையில பழகுன வெள்ளக்காரங்க இந்த டிக்ஷனரியப் புரட்ட திணர்ற அளவுக்கு நாம திணற மாட்டோம். இன்னொரு லாபமும் இருக்கு. தாய்லாந்து எழுத்துல ஏ, ஐ, ஓ மாதிரி சில உயிர்க்குறி மெய்க்கு முன்னாடி வரும், ஆனா டிக்ஷனரியில மெய்யெழுத்தத்தான் பாக்கணும். நம்ம ‘கே’வுல கொம்பு முன்னாடி வந்தாலும் க-வுலதான தேடுவோம், அதே கதை. ஒரு இடத்துலதான் பழக்கம் காலை வாரும். உயிர் எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தை நமக்கு அகராதியோட முதல் பக்கம், அவங்களுக்கு ‘ஓ’ங்கற ஒரு மெய்யெழுத்து மேல ஏறி வரும், அது கடைசிக்கு முந்துன எழுத்து, அதனால ‘ஆகாத்’னு ஒரு வார்த்தைய முன்னாடி தேடுனா கிடைக்காது, புத்தகத்தோட வாலுல இருக்கும்.

சரி, இங்கிலீஷ் எழுத்துல சத்தத்த டைப் பண்ணித் தேடலாமேன்னு கேப்பீங்க. அரசாங்க முறையில எழுதுற ரோமன் எழுத்துல தொனியும் கிடையாது (தொனின்னா குரல ஏத்தி இறக்கிச் சொல்றது, அது மாறுனா அர்த்தமே மாறிடும்), குறில் நெடிலும் கிடையாது. ‘காவ்’னு படிக்கற மாதிரி ஒரே ஸ்பெல்லிங்ல சோறு, வெள்ளை, செய்தி, அவரு, மலை, முட்டி, உள்ள போறது எல்லாம் வந்து நிக்கும். தமிழ் எழுத்துல குறில் நெடில் காட்டிடலாம், ஆனா 5 தொனியக் காட்ட முடியாது, அதோட த-வுல காத்து விட்டுச் சொல்றது விடாமச் சொல்றதுன்னு அவங்களுக்கு ரெண்டு தனி ஒலி, நமக்கு ஒரே எழுத்து. தாய்லாந்துல வர்ற ‘தாய்’க்கும், சாகறதுக்கு அவங்க சொல்ற ‘தாய்’க்கும் எழுத்து வேற, உயிரோட நீளம் வேற, நம்ம நோட்டுல ரெண்டும் தாய். அதனால வார்த்தைய அவங்க எழுத்துலயே எழுதிப் பழகுங்க. கம்ப்யூட்டர்ல கெட்மனின்னு ஒரு கீபோர்டு லேஅவுட் இருக்கு, தாய்லாந்துல எல்லாரும் அடிக்கறது அதுதான், விண்டோஸ்ல மொழிய சேத்தாலே வந்துடும்.

அடுத்த தலைவலி, வார்த்தைக்கு நடுவுல இடைவெளி விட மாட்டாங்க. வாக்கியம், சொற்றொடர் முடியற இடத்துலதான் காலி இடம். எங்க வெட்டணும்னு தெரிஞ்சாதான் டிக்ஷனரியில தேடவே முடியும். அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு உதாரணம் இருக்கு, ஒரே எழுத்துக்கூட்டத்த ‘தா க்லோம்’னு வெட்டுனா உருண்டைக் கண்ணு, ‘தாக் லோம்’னு வெட்டுனா காத்து வாங்கறது. வார்த்தைய வெட்டிக் காட்டுற வெப்சைட் இருக்குது, ஆனா அது வெட்டுனதையும் ஒருவாட்டி கண்ணால பாத்துட்டுதான் மேல போகணும்.

யாருக்காக எழுதுன டிக்ஷனரி

இங்கதான் புதுசா வர்றவங்க பாதி பேர் தடுமாறுறாங்க. ஆப் ஸ்டோர்ல தாய்-இங்கிலீஷ்னு தேடுனா கொட்டோ கொட்டுன்னு கொட்டும், நெறைய தாய்லாந்து பசங்க இங்கிலீஷ் கத்துக்கறதுக்காகப் பண்ணது. அவங்களுக்கு தாய்லாந்து வார்த்தையோட அர்த்தம் ஏற்கனவே தெரியும், அதனால ஒரு வார்த்தைக்கு நேரா ஆறு இங்கிலீஷ் வார்த்தைய கமா போட்டு வரிசையா குடுத்துட்டு நிறுத்திடும். எந்த இடத்துல எது, எது மரியாதை, எது கொச்சைன்னு ஒண்ணும் இருக்காது. உச்சரிப்பும் இருக்காது, அவங்களுக்கு எதுக்கு உச்சரிப்பு. நமக்கு வேணும்ங்கறது அப்படியே நேர் எதிர், உச்சரிப்பு வேணும், எந்த அர்த்தம் எங்க வரும்னு உதாரண வாக்கியம் வேணும், பேப்பர்ல வர்றதா பேச்சுல வர்றதான்னு குறிப்பு வேணும்.

வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு எழுதுனதுல இன்னும் தலையில வச்சுக் கொண்டாடறது மேரி ஹாஸ் எழுதுன மாணவர் அகராதி. 1964-ல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி போட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் தொனியோட உச்சரிப்பு, கீழேயே அதுலேருந்து வர்ற கூட்டுச்சொல், பெயர்ச்சொல்லா இருந்தா எண்ணும்போது எந்தச் சொல்ல சேக்கணும்ங்கறது வரைக்கும் இருக்கும். பழசு தான், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதையும் எதிர்பாக்காதீங்க, ஆனா அடிப்படை வினைச்சொல்ல இவ்வளவு சுத்தமா பிரிச்சுக் காட்டுறது வேற எதுலயும் எனக்கு கிடைக்கல. புத்தகமா வாங்கணும்னு இல்ல, சீலாங்-னு ஒரு லைப்ரரி வெப்சைட்ல ஹாஸோட அகராதிய தேடுற மாதிரி வச்சிருக்காங்க, காசு கிடையாது.

அதுக்கும் முன்னாடி 1941-ல வந்தது மெக்ஃபார்லண்ட் அகராதி. தினசரி வேலைக்கு ஆகாது, இங்கிலீஷே பழைய வாசனை அடிக்கும். ஆனா பறவை, செடி, பாம்பு, மீன் பேருக்கெல்லாம் தனிப் பட்டியல் குடுத்திருக்கறதால மீன் எறா சம்பந்தமா வேலை எடுக்கறவங்க இத ஒதுக்க முடியாது. பழைய பத்திரம், பழைய கடிதம் வந்தாலும் இதுதான்.

1994-ல டொம்னெர்ன், சதியென்போங்னு ரெண்டு பேர் சேந்து போட்ட தாய்-இங்கிலீஷ் அகராதி, புத்தகமா ஒண்ணுதான் வாங்குவேன்னு சொல்றவங்களுக்கு நான் சொல்றது இத. பேங்காக் போறவங்க யாராவது தெரிஞ்சா சொல்லி விடுங்க. பாண்டி காந்தி ரோட்டு சண்டே மார்க்கெட்ல பழைய புத்தகம் குமிச்சிருக்கறதுல டூரிஸ்ட் யாராவது போட்டுட்டுப் போன தாய்லாந்து கையேடு கண்ணுல பட்டா வாங்க வேண்டாம், சாப்பாடு ஆர்டர் பண்ணத்தான் அது உதவும்.

பேச்சுக்கும் உச்சரிப்புக்கும் பென்ஜவன் பூம்சான் பெக்கரோட பைபூன் டிக்ஷனரி நல்லது, ஃபோன் ஆப்பாவும் வருது, குரலும் கேக்கும். கத்துக்கற காலத்துல இது கையில இருக்கறது நல்லது, சட்டப் பேப்பர் வந்தா இது தாங்காது.

சோ சேத்தபுத் அகராதிய தாய்லாந்துக்காரங்க வீட்டுல அடிக்கடி பாக்கலாம். அந்த மனுஷன் 1933 கலகத்துக்கு அப்புறம் அரசியல் கைதியா ஜெயில்ல இருந்துக்கிட்டே இங்கிலீஷ்-தாய் அகராதி எழுதுனவரு, உள்ளேருந்து எழுதி எழுதி வெளிய அனுப்பிருக்காரு, அதுக்காகவே ஒரு கும்பிடு போடலாம். ஆனா நான் சொன்னேன் பாருங்க, தாய்லாந்துக்காரங்களுக்காக எழுதுனது, அத மறந்துட்டு எடுத்தீங்கன்னா வரிசையில முதல்ல இருக்கற இங்கிலீஷ் வார்த்தையப் புடிச்சுப் போட்டுடுவீங்க.

ஆன்லைன்ல தினமும் திறந்து வைக்க வேண்டியது லாங்டோ. இது ஒரே டிக்ஷனரி இல்ல, பல டிக்ஷனரிய ஒரே பக்கத்துல கொட்டிக் காட்டும், அதுல தாய்லாந்து அரசாங்க ஆராய்ச்சி மையம் நெக்டெக் பண்ண லெக்சிட்ரானும் ஒண்ணு. லெக்சிட்ரான்ல தாய்லாந்து மொழியில உதாரண வாக்கியம் இருக்கறது பெரிய பலம். லாங்டோவ பாக்கும்போது எந்த அர்த்தம் எந்த டிக்ஷனரியிலேருந்து வருதுன்னு தலைப்பப் பாத்துட்டு எடுங்க, எல்லாம் ஒரே தரம் கிடையாது. தாய்-லேங்குவேஜ் டாட் காம் கத்துக்கறவங்களுக்காக பண்ணது, குரலோட இருக்கு, தாய்டூஇங்கிலீஷ் ஒரு பத்தியப் போட்டா வார்த்தை வார்த்தையா வெட்டிக் குடுக்கும்.

கடைசியா, இதெல்லாம் பாத்தும் சந்தேகம் தீரலைன்னா தாய்லாந்து ராயல் சொசைட்டியோட அகராதி. அவங்க ஊர் மொழி அமைப்பு, முன்னாடி ராயல் இன்ஸ்டிட்யூட்னு பேரு. இதுல இங்கிலீஷ் கிடையாது, தாய்லாந்து மொழியிலயே விளக்கம். 2011 பதிப்பு ஆன்லைன்லயே இருக்கு. ஆரம்பத்துல படிக்க கஷ்டமா இருக்கும், ஆனாலும் கோர்ட்டு, கம்பெனி, அரசாங்கப் பேப்பர் எடுக்கறவங்க இதத் தொடாம வேலைய முடிக்கக் கூடாதுன்னு நான் கறாரா சொல்வேன். அவங்களே துறை வாரியா கலைச்சொல் பட்டியலும் வச்சிருக்காங்க. சட்டத்துக்கு இன்னொரு இடம், கவுன்சில் ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தோட வெப்சைட், பல சட்டத்தோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு அங்க கிடைக்கும், தாய்லாந்து மூலத்தையும் இங்கிலீஷையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா எந்த டிக்ஷனரியும் தராத சொல்வழக்கு கிடைக்கும்.

சோதிக்கற விதம்

காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதப் பண்ணுங்க. நீங்க எடுக்கப் போற மாதிரி பேப்பர் ஒண்ணுலேருந்து வார்த்தை எடுங்க, எல்லாம் ஒரே வகையா இருக்கக் கூடாது. பல அர்த்தம் இருக்கற சாதாரண வினைச்சொல், சமஸ்கிருதம் பாலி கலந்த ஆபீஸ் வார்த்தை, ஒரு கூட்டுச்சொல், இங்கிலீஷ்லேருந்து போன வார்த்தை, ஒரு சுருக்கெழுத்து.

வினைச்சொல்லுக்கு நான் எப்பவும் போடுறது ‘சியா’. கெட்டுப் போறது, இழக்கறது, செலவாகறது எல்லாம் இதுதான். ‘நாம் சியா’ கழிவுத் தண்ணி, சிப்காட் பக்கத்துல இருக்கறவங்களுக்கு விளக்கம் தேவையில்ல. ‘சியா வேலா’ நேரம் வீணாகறது, ‘சியா சீவித்’ உயிர் போறது, ‘சியா ஜாய்’ மனசு வருத்தம், ‘சியா பாஸி’ன்னா வரி கட்டறது. நல்ல டிக்ஷனரியில இந்தக் கூட்டுச்சொல் எல்லாம் ‘சியா’வுக்குக் கீழயே வரிசையா நிக்கும். மோசமானதுல கெட்டுப்போனன்னு ஒரு வரி இருக்கும், அத வச்சு வரி ரசீத மொழிபெயர்த்தா வரி கெட்டுப் போச்சுன்னு வரும்.

இன்னொரு சோதனை நமக்குன்னே அமைஞ்சது, ‘தமின்’. தமிழர், தமிழ் மொழின்னு ஒரு அர்த்தம். கொடூரமான, ஈவு இரக்கமில்லாதன்னு இன்னொண்ணு. ஆமாங்க, நம்ம பேருதான், பாலி வழியா போனது. 1992 மே மாசம் பேங்காக்ல போராட்டக்காரங்க மேல ராணுவம் சுட்டதுல பல பேர் செத்தாங்களே, அந்த மாசத்துக்கு அங்க பேரே ‘ப்ருத்சபா தமின்’, இங்கிலீஷ்ல பிளாக் மேன்னு போடுவாங்க. தமிழ் மேன்னு யாராவது மொழிபெயர்த்து வச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு அர்த்தத்தையும் தர்ற டிக்ஷனரி தேறும், ஒண்ணு மட்டும் தர்றது கொஞ்சம் ஒல்லி.

கிடைச்ச இங்கிலீஷ் வார்த்தைய திருப்பி இங்கிலீஷ்-தாய் பக்கம் போட்டுப் பாருங்க. நீங்க ஆரம்பிச்ச வார்த்தையே முதல்ல வந்தா சரி. வேற எதோ வந்து உங்க வார்த்தை எங்கயோ அடியில இருந்தா, நீங்க எடுத்த அர்த்தம் ஓரத்து அர்த்தம்னு புரிஞ்சுக்கிட்டு ராயல் சொசைட்டி பக்கம் போங்க.

ஒரு மூட்டையப் படிச்சுப் பாப்போம்

எறா குட்டைக்குப் போடுற மருந்து மூட்டைய எடுத்துக்கலாம், இந்த வேலையோட எல்லா சிக்கலும் அதுலயே இருக்கு. பெரிய எழுத்துல கம்பெனி பேரு, லோகோ. இதுல மொதல்ல கை வைக்காதீங்க, விளம்பர எழுத்துல தாய்லாந்து எழுத்தோட அடையாளமே ஆன சின்ன வட்டத் தலைய வெட்டிடுவாங்க, பாத்தா இங்கிலீஷ் எஸ், யூ, டபிள்யூ மாதிரி இருக்கும், ஃபோன் கேமராவுல காட்டுனாலும் தப்பா படிக்கும். கீழ பொடி எழுத்துல இருக்கறது சாதா எழுத்து, அங்க ஆரம்பிங்க.

‘நம்நக் சுத்தி’ன்னு இருக்கும். நிகர எடை. ‘சுத்தி’ நம்ம சுத்தம்தான். ‘வன் பலித்’ தயாரிச்ச தேதி. ‘வன் மொத் ஆயு’, ஆயுசு முடியற தேதி, எக்ஸ்பைரி. பக்கத்துல 15/03/69-ன்னு போட்டிருந்தா அந்த 69 புத்த வருஷம் 2569, அதுல 543 கழிச்சா 2026. டிக்ஷனரி இத சொல்லாது, குட்டைக்காரருக்கு இதுதான் உசுரு.

அப்புறம் ‘விதீ சாய்’, பயன்படுத்தற முறை. அதுல ‘ராய் ல 1 கிலோ’ங்கற மாதிரி வரும். இந்த ‘ல’வ டிக்ஷனரியில பாத்தீங்கன்னா விட்டுவிடு, கைவிடுன்னு முதல் அர்த்தம் இருக்கும், இங்க அதில்ல, ஒண்ணுக்கு இவ்வளவுங்கற ‘ல’. ராய்ங்கறது நிலத்தோட அளவு, 1,600 சதுர மீட்டர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 40 சென்ட். அப்ப ராய்க்கு 1 கிலோன்னா ஏக்கருக்கு சுமார் 2.5 கிலோ. மொழிபெயர்ப்புல ராய்ன்னே போட்டு பக்கத்துல ஏக்கர் கணக்கையும் குறிப்பா குடுங்க, ராய தூக்கிட்டு ஏக்கர மட்டும் போடுறது எனக்கு சரின்னு படல, நாளைக்கு யாராவது மூலத்தோட ஒப்பிட்டா நம்பர் இடிக்கும்.

நோய் பேரு வர்ற இடம்தான் டிக்ஷனரி மொத்தமா கைய விரிக்கற இடம். ‘துவா டேங் துவாங் காவ்’னு இருக்கும். வார்த்தை வார்த்தையா பாத்தா உடம்பு, செகப்பு, வட்டம், வெள்ளை. நாலும் எல்லா டிக்ஷனரியிலயும் இருக்கும், சேத்து வச்சா ஒண்ணும் புரியாது. இது வேற ஒண்ணுமில்ல, நம்ம ஆளுங்க ஒயிட் ஸ்பாட்னு சொல்ற வெள்ளப்புள்ளி நோய். ‘கீ காவ்’னா வெள்ளக் கழிச்சல். ‘தாய் டுவன்’னா அவசரச் சாவு, ஈ.எம்.எஸ்-னு சொல்றாங்களே அது. இந்த மாதிரி தொழில் வார்த்தைக்கு வழி என்னன்னா, தாய்லாந்து பேர அப்படியே போட்டு அவங்க மீன்வளத்துறை, அவங்க யுனிவர்சிட்டி கட்டுரை எதுலயாவது தேடுங்க, கட்டுரையோட சுருக்கம் இங்கிலீஷ்லயும் இருக்கும், அதுல அந்த நோயோட இங்கிலீஷ் பேரு உக்காந்திருக்கும். எறா வகைக்கும் அதே வழி, ‘குங் காவ்’னா வெறும் வெள்ள எறா இல்ல, வெனாமி. ‘குங் குலா டாம்’ டைகர் எறா. விஞ்ஞானப் பேர வச்சு ரெண்டு பக்கமும் சரி பாத்துட்டா தூங்கலாம்.

தெரிஞ்ச மாதிரி இருக்கற வார்த்தை

சமஸ்கிருதம் கலந்த வார்த்தை நெறைய இருக்கறதால நமக்கு வேகம் வரும். ‘மகாவித்தயாலாய்’ பாத்த உடனே யுனிவர்சிட்டின்னு புரிஞ்சிடும். அந்த வேகத்துலதான் தேடாம விட்டுடுவோம். ‘தோத்’ங்கறது நம்ம தோஷம், ஆனா சட்டப் பேப்பர்ல அது தண்டனை. ‘ஆகாத்’ ஆகாசம்தான், அங்க அது காத்து, வானிலை. ‘ப்ரமாத்’ பிரமாதம்னு சந்தோஷப்பட்டுடாதீங்க, ஆக்ஸிடென்ட் கேஸ் பேப்பர்ல அது கவனக்குறைவு. ‘சன்யா’ ஒப்பந்தம். நமக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கற வார்த்தையத்தான் கட்டாயம் டிக்ஷனரியில பாக்கணும், தெரியாத வார்த்தைய எப்படியும் பாக்கத்தான போறீங்க.

எழுத்துல சமஸ்கிருதம் அப்படியே இருக்கும், வாயில வேற வரும். ஏர்போர்ட் பேரு சுவர்ணபூமின்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, அவங்க சொல்றது சுவன்னபூம். காதால கேட்டத வச்சு தேடாதீங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

தேடியும் கிடைக்கலன்னா

வார்த்தையே இல்லன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி டைப்பிங்கப் பாருங்க. தமிழ்ல ஔ-வுக்கு பதிலா ஒ போட்டு பக்கத்துல ள போட்டா கண்ணுக்கு ஒண்ணா தெரியும், தேடுனா கிடைக்காது இல்லையா, அங்கயும் அதே வம்பு. நீள ‘ஏ’ மாதிரி ஒலிக்கற ஒரு உயிர்க்குறிய, அதுல பாதியா இருக்கற இன்னொரு குறிய ரெண்டு தடவ தட்டி எழுதிடுவாங்க, அச்சுல வித்தியாசமே தெரியாது, டிக்ஷனரி முழிக்கும். பிடிஎஃப்லேருந்து காப்பி பண்ணா ‘அம்’ங்கற குறி ரெண்டு துண்டா உடைஞ்சு நடுவுல ஒரு காலி இடமும் வந்து நிக்கும். சந்தேகமா இருந்தா காப்பி பேஸ்ட் வேண்டாம், நீங்களே அடிங்க.

அதுவும் இல்லைன்னா சத்தமா படிச்சுப் பாருங்க, இங்கிலீஷ் வார்த்தையா இருக்கும். வார்த்தைக் கடைசியில ல் வந்தா ன் ஆயிடும், ஸ் வந்தா த் ஆயிடும் அவங்க வாயில, அதனால ‘பின்’னு படிச்சா பில், ‘கேத்’னு படிச்சா கேஸ்.

புள்ளி வச்ச ரெண்டு மூணு எழுத்தா இருந்தா சுருக்கெழுத்து. ‘போ சோ’ன்னா புத்த வருஷம், ‘போ ஜோ கோ’ன்னா பிரைவேட் லிமிடெட் மாதிரி கம்பெனி, ‘ஓ யோ’ன்னா அவங்க உணவு மருந்து நிர்வாகம். இத எல்லாம் ஒரு தாள்ல எழுதி ஸ்க்ரீன் பக்கத்துல ஒட்டி வச்சுக்கோங்க, எந்த டிக்ஷனரியும் முழுசா குடுக்காது.

தேதி, நேரம், ஆபீஸ்

புத்த வருஷத்துல 543 கழிக்கணும்னு மேல சொன்னேன். பழைய பத்திரம் வந்தா ஒரு எச்சரிக்கை, 1941-க்கு முன்னாடி அங்க வருஷம் ஏப்ரல் 1-ல மாறிக்கிட்டிருந்துச்சு, அதனால அந்தக் காலத்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிக்கு 542 கழிக்கணும்.

‘சோங் தும்’னு எழுதியிருந்தா ரெண்டு மணி இல்ல, ராத்திரி 8 மணி. சாயங்காலம் 7 மணியிலேருந்து ‘தும்’ கணக்கு ஆரம்பிக்கும். ‘சேன்’னா லட்சம், இதுல நமக்கு சுலபம். ‘லான்’னா பத்து லட்சம். வெளிநாட்டு கம்பெனிக்கு போற பேப்பர்னா லட்சம் கோடின்னு எழுதாதீங்க.

‘சங்வத்’ நம்ம மாவட்டம் மாதிரி, ‘அம்போ’ தாலுகா மாதிரி, ஆனா அவங்க அரசாங்கம் இங்கிலீஷ்ல போடுறது முறையே ப்ராவின்ஸ், டிஸ்ட்ரிக்ட். அம்போவ தாலுகான்னு போட்டு அனுப்புனா கேக்கறவங்களுக்கு வேற ஊர்னு தோணும். ‘தம்பொன்’ சப்-டிஸ்ட்ரிக்ட். ஊர் பேருக்கு அரசாங்க ஸ்பெல்லிங், ஆள் பேருக்கு அந்த ஆளோட பாஸ்போர்ட்ல என்ன ஸ்பெல்லிங்கோ அது. பாஸ்போர்ட் காப்பி கேட்டு வாங்கிட்டுதான் ஆள் பேர டைப் பண்ணணும்.

கூகுள்ல போட்டா வராதான்னு கேப்பீங்க. வரும். ஒரு பேப்பர் எதப் பத்தினதுன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுக்க நல்லாவே உதவும். ஆனா அர்த்தம் இருக்கற ஆள் பேர சில சமயம் மொழிபெயர்த்து வச்சிடும், முற்றுப்புள்ளி இல்லாத மொழிங்கறதால வாக்கியத்த தப்பான இடத்துல வெட்டி யாரு யாருக்கு பணம் குடுத்தாங்கங்கறத மாத்திடும். அதோட வாடிக்கையாளரோட ஒப்பந்தத்தையும் மெடிக்கல் ரிப்போர்ட்டையும் இலவச வெப்சைட்ல ஏத்தறது சரியான்னு அவர் கிட்டயே கேளுங்க, வேண்டாம்னு சொன்னா வேண்டாம்.

தேடிக் கண்டுபிடிச்சத எல்லாம் ஒரு எக்செல்ல போட்டுக்கிட்டே வாங்க, தாய்லாந்து எழுத்துல வார்த்தை, இங்கிலீஷ், எந்த டிக்ஷனரி, எந்த மாதிரி பேப்பர். நாலு கட்டம் போதும். எறா பேப்பர் வார்த்தையும் கல்யாணச் சான்றிதழ் வார்த்தையும் ஒரே ஷீட்ல கலக்காதீங்க.

ரேட் பேசும்போது தாய்லாந்து வார்த்தைக்கு இவ்வளவுன்னு ஒத்துக்காதீங்க, இடைவெளியே இல்லாத மொழியில சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் வார்த்தை எண்ணிக்கை மாறும். முடிச்சுக் குடுக்கற இங்கிலீஷ் வார்த்தைக்கு இவ்வளவு, இல்லன்னா பக்கத்துக்கு இவ்வளவுன்னு பேசுங்க. கையெழுத்துப் பேப்பரா இருந்தா அதுக்கு மேல தனியா கேளுங்க.